பதினான்கு வாரமாக வராத ஒன்பது

பதினான்கு வியாழக்கிழமைகளாக ஒன்பது வரவில்லை. முதல் இலக்கமாகவும் வரவில்லை, கடைசி இலக்கமாகவும் வரவில்லை, நடுவிலும் வரவில்லை. புவெர்த்தோ எலிசெயோ அறக்கொடை லாட்டரியில் வாரத்துக்கு நான்கு இலக்கம் எடுப்பார்கள். பதினான்கு வாரத்துக்கு ஐம்பத்தாறு. அதில் ஒன்பது ஐந்தாறு தடவையாவது தலைகாட்டியிருக்க வேண்டும். ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

இது யார் செய்த தவறு என்று எவேலியோ பலோமேக்கேயிடம் கேட்டிருந்தால், தன்னுடைய தவறுதான் என்று சொல்லியிருப்பார். லாட்டரியில் காற்று அவருடைய பொறுப்பு.

அந்த இயந்திரம் எளிமையானது. எவேலியோவுக்கு அதன்மேல் பிரியம் வந்ததே அதனால்தான். மேடையில் நான்கு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துப் பந்துகள், கோழிமுட்டையைவிடச் சின்னவை, ஊதினால் பறப்பவை. ஜாடிக்கு அடியில் ஒரு காற்றூதி. வால்வைத் திறந்தால் பந்துகள் சூடான சட்டியில் விழுந்த சோளம் மாதிரி துள்ளும். ஜாடியின் உச்சியில் ஒரு குழாய் உண்டு. எந்தப் பந்து முதலில் அதற்குள் ஏறுகிறதோ அதுதான் இலக்கம். யாரும் தொடுவதில்லை, யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த மாகாணத்தில் சொந்தக்காரர்கள் இல்லாத ஒரே அதிகாரி காற்றுதான் என்று எவேலியோ நினைத்துக்கொள்வார். வெளியே சொல்லமாட்டார்.

அவர் தொழிலால் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்ப்பவர். லாட்டரியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குப் புதுக் காற்றூதி வாங்கியபோது, அதைப் பொருத்தியவர் அவர். ஒன்பது வராமல் போனது அந்த விழாவிலிருந்துதான். அன்றைக்கு மேடைத் திரையும் மாறியது, தலைவரின் நாற்காலியும் மாறியது, லாட்டரி கீதத்தில் நான்காவது சரணமும் சேர்ந்தது. ஆனால் எவேலியோ சந்தேகப்பட்டது தன்னுடைய காற்றூதியை மட்டும்தான். நேர்மையான பழுதுக்காரன் அப்படித்தான் செய்வான். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். மேசை சாய்ந்திருக்கிறதா என்று தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரை வைத்துப் பார்த்தார். காற்று எங்கும் ஒரே சீராக வருகிறதா என்று மெல்லிய காகிதத் துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். ஜாடிகளை இடம் மாற்றினார். காகிதம் பறந்தது, குலுக்கலின்போது மற்ற ஒன்பது பந்துகளும் பறந்தன. ஒன்பது என்று எழுதியது மட்டும் நான்கு ஜாடியிலும் மத்தியானத் தூக்கம் போடும் தேரை மாதிரி அடியில் கிடந்தது. இரண்டு தடவை கழுத்தை நிமிர்த்தும், பிறகு படுத்துவிடும்.

பந்துகளை அவர் சோதிக்கவில்லை. சோதிக்க முடியாது. பந்துகள் மூன்று சாவிப் பெட்டகத்தில் இருக்கும். ஒரு சாவி தலைவரிடம், ஒன்று நோட்டரியிடம், ஒன்று செயலாளர் நூபியா எஸ்கந்தோனிடம். வெள்ளைக் கையுறை போட்ட பிரதிநிதிகள் மட்டுமே தொடலாம். ‘காற்றுப் பொறுப்பாளர் பந்துகளிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்’ என்பது விதி. மேடையில் அந்த இரண்டு மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடே போட்டிருந்தார்கள்.

ஒன்பது வராவிட்டால் ஒரு மனிதனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எவேலியோவின் மனைவி தோமித்திலாவைக் கேட்டால் தெரியும்.

தோமித்திலா ஆற்று ஆம்புலன்ஸ் படகின் ஓட்டுநர். படகு இருந்தது, சிவப்புச் சிலுவை இருந்தது, ஸ்ட்ரெச்சர் இருந்தது. மோட்டார் மட்டும் பிப்ரவரியில் செத்துவிட்டது. லாட்டரி வாரியத்தின் வாசலில் இருந்த உதவிப் பட்டியலில் முதல் வரி: ஆம்புலன்ஸ் படகுக்கு மோட்டார். அந்த மோட்டார் துறைமுகக் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் காத்துக்கொண்டிருந்தது. தோமித்திலா தினமும் அதன் எதிரில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவர்களுடைய மகள் லூதிஸ் ஆற்றின் மேல்பக்கம் மூன்று வளைவு தள்ளி, லா மிலாக்ரோசாவில் வாழ்ந்தாள். எட்டாம் மாதம். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் கீழாகவே உட்கார்ந்திருக்கிறது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். துடுப்புப் படகில் லா மிலாக்ரோசாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏழு மணி நேரம். மோட்டாரில் ஐம்பது நிமிடம்.

“உன் ஒன்பது எப்ப வரும்?” என்று தோமித்திலா கேட்பாள்.

“எனக்கென்ன தெரியும். நான் காத்துதான விடறேன்.”

“காத்த விட்டுட்டு என் மகள் வயித்தப் பத்திப் பேசு.”

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எவேலியோவுக்கே முதலில் புரியவில்லை. புரியவைத்தவன் செயோ. வங்கி வாசலில் மரப்பலகையில் டிக்கெட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு விற்பவன், ஒரு கண் பார்வை இல்லாதவன், ஊரில் எல்லோருடைய கனவையும் கேட்டு அதற்கேற்ற எண் சொல்பவன்.

“ஏய் காத்துக்காரா, இங்க வா. இதப் பாரு.” பலகையின் ஒரு பக்கம் காலி. மறுபக்கம் குருத்தோலை ஞாயிறு மாதிரி நிறைந்திருந்தது. “அந்தப் பக்கம் ஒன்பது இல்லாத டிக்கெட்டு. காலையிலேயே காலி. இந்தப் பக்கம் ஒன்பது இருக்கறது. சும்மா குடுத்தாலும் வாங்கமாட்டேங்கறான். நேத்து ஒரு பொம்பள கனவுல ஆமை வந்துச்சுன்னு வந்தா. ஆமைன்னா தொண்ணூத்தி நாலு. சொன்னேன். ‘வேற ஏதாவது மிருகம் கனவு கண்டுட்டு வரேன்’னு போயிட்டா.”

எவேலியோ வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் கணக்குப் போட்டார். பத்தாயிரம் எண்கள். ஒன்பது இல்லாதவை: ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, மறுபடியும், மறுபடியும் பெருக்கினால் ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்று. மீதி மூவாயிரத்து நானூற்று முப்பத்தொன்பதிலும் எங்கேயாவது ஒரு ஒன்பது உண்டு. அவை விற்காமல் திரும்பி வருகின்றன. அதோடு முடியவில்லை. ஒரு லாட்டரி பிழைப்பதே, சில வாரம் பரிசு விற்காத டிக்கெட்டில் விழுவதால்தான். இப்போது விற்காதது எல்லாம் ஒன்பது. ஒன்பது வருவதே இல்லை. ஆகவே பரிசு ஒவ்வொரு வாரமும் விற்ற டிக்கெட்டிலேயே விழுகிறது. வருமானம் மூன்றில் இரண்டு, செலவு முழுசு. ஏழைகளுக்கு மிஞ்சுவது கீதத்தின் நான்காவது சரணம்.

எவேலியோ அந்தக் காகிதத்தை வாரியக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

வாரியத் தலைவர் டாக்டர் அரிஸ்தீதெஸ் மொந்தால்வோ. எங்கள் ஊரில் டை கட்டியவர்கள் எல்லோரும் டாக்டர்தான். இவர் இரண்டு டை வைத்திருந்தார். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் படித்துவிட்டு எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி பேசினால் அவருக்குச் சிந்தனை வராது.

“அங்கத்தினர்களே. ஒரு குறிப்பிட்ட எண் மீது இந்த வாரியம் பாரபட்சம் காட்டுகிறது என்று தெருவில் பேசுகிறார்கள். நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். இந்த வாரியம் எல்லா எண்களையும் ஒரே அளவில்தான் அலட்சியம் செய்துவந்திருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளில் ஏழைகளுக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்கிறார்கள். ஏழைகள் இல்லாவிட்டால் இந்த வாரியமே இல்லை. அவர்களை இழந்துவிடாமல் நாம் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறோம் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.”

கைதட்டினார்கள். நூபியா எஸ்கந்தோன் ‘கைதட்டல்’ என்று எழுதிக்கொண்டார்.

“டாக்டர், ஒன்பதாம் நம்பர் பந்த மட்டும் ஒரு தடவ கையில எடுத்துப் பாக்கலாமா?” என்றார் எவேலியோ.

அறையில் காற்றே நின்றுவிட்டது.

“ஒன்பதையா?” என்றார் டாக்டர். “அதன் வரலாறு உனக்குத் தெரியுமா?”

எவேலியோவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனாலும் டாக்டர் சொன்னார். போன வருடம் ஒரு பந்து வந்தது. அது ஆறா ஒன்பதா என்று பாதி ஊர் ஒருபக்கம், பாதி ஊர் மறுபக்கம். ஒன்பதுக்கு அடியில் இருந்த கோடு கை பட்டுப் பட்டு அழிந்திருந்தது. ஆறு வைத்திருந்தவருக்கும் ஒன்பது வைத்திருந்தவருக்கும் பரிசு கொடுத்தார்கள். பிறகு வாரியம் பதினோரு தடவை கூடியது. கோட்டை மறுபடியும் வரையலாம் என்று ஒருவர் சொன்னார். எழுபத்தைந்து ஆண்டு நிறுவனம் ஒன்று கோடு வரைந்துகொண்டு உட்காருவதா என்று அவரை அடக்கினார்கள். கடைசியில் ஒன்பதுக்கு மட்டும் மாகாணச் சின்னத்தைப் பதிப்பது என்று முடிவானது. முதலையும், வாழைத்தாரும், மூன்று நட்சத்திரமும் உள்ள சின்னம், எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கென்று தலைநகரில் செய்தது. அது உள்ள பந்து ஒன்பது, இல்லாதது ஆறு. யாரும் குழம்ப முடியாது.

“ஆகவே,” என்றார் டாக்டர், “ஒன்பதைத் தொடுவது மாகாணத்தைத் தொடுவது. நீ உன் காற்றைப் பார்த்துக்கொள்.”

சின்னம் என்றால் ஏதோ வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்றுதான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எவேலியோ இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போதும் அப்படியே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நான்காவது முறையாக வடிகட்டியைக் கழுவினார்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. முதலில் பாதிரியார் லிசிமாகோவை அழைத்து ஒன்பது நாள் ஜெபம் நடத்தச் சொன்னது. ஒன்பதுக்கு ஒன்பது நாள், பொருத்தம் பார்த்தால் பொருந்துகிறது.

“கடவுள் லாட்டரி டிக்கெட்டு வாங்கறதில்ல, டாக்டர்” என்றார் பாதிரியார்.

“வாங்கச் சொல்லல, ஃபாதர். பந்துகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லச் சொல்றோம்.”

பாதிரியார், உதவிப் பட்டியலில் காத்திருந்த ஆஸ்பத்திரிக் கூரையை நினைத்து ஒப்புக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஜாடிகளுக்குப் புனித நீர் தெளித்தார். அன்று வந்த எண் பூஜ்யம் எட்டு எட்டு பூஜ்யம். ஜெபத்தில் ஒரு நாள் குறைந்துவிட்டதோ என்று எண்ணிப் பார்க்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அது எண்ணிப் பார்த்து, ஒன்பதுதான் என்று ஐந்து பக்க அறிக்கை கொடுத்தது.

அடுத்து விளம்பரம். எங்கள் நாட்டில் தீர்க்க முடியாத பிரச்சினை எதுவானாலும் அதற்கு ஓர் அழகியைத் தேர்ந்தெடுத்து முடிசூட்டுவது வழக்கம். மீனுக்கு அழகி உண்டு, வாழைக்கு உண்டு, புதுச் சாக்கடைத் திறப்புக்குக்கூட ஒருத்தி மகுடத்தோடு மூடியைத் தூக்கினாள். ஆகவே ‘ஒன்பது அழகி’ போட்டி அறிவிக்கப்பட்டது. மக்கள் ஒன்பதை மறுபடியும் காதலிக்க வேண்டும் என்பது திட்டம். மகுடம், மேளம், அலங்காரப் படகு, வாணவேடிக்கை. பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு நூபியா எஸ்கந்தோன் பட்டியலின் முதல் வரியைக் காட்டினார். ‘ஆம்புலன்ஸ் படகுக்கு மோட்டார்’ என்பதன் எதிரில் ‘தற்காலிகமாக, உணர்வுபூர்வமான முதலீட்டுக்கு மாற்றப்பட்டது’ என்று எழுதினார்.

தோமித்திலா அன்று வாரியத்துக்கு நேராக வந்தாள். கையில் துடுப்பு.

“டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம். என் படகுல பிரசவ வலில ஒரு பொம்பள கத்தறான்னு வையுங்க. நான் மகுடத்த எங்க மாட்டறது? முன்னாடியா, பின்னாடியா?”

“அம்மா, உங்க உணர்ச்சி எங்களுக்குப் புரியுது. அதனாலதான் அழகியோட அலங்காரப் படகா உங்க படகத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம். வாடகை கிடையாது. ஆனா பெருமை உண்டு.”

“மோட்டார் இல்லாத படகு, டாக்டர்.”

“ரொம்ப நல்லது. மெதுவாப் போனாத்தான் ஜனங்க அழகிய நல்லாப் பாப்பாங்க.”

தோமித்திலா துடுப்பை மறு கைக்கு மாற்றினாள். எவேலியோ அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அழகியாகத் தேர்வானவள் யானேரிஸ். ஆற்றில் சலித்தெடுத்த பொன்துகளை வாங்கும் கடையில் தராசு பிடிப்பவள். பதினைந்தாவது வியாழனன்று ஊர்வலம் முடிந்து மேடையேறினாள். டாக்டர் மொந்தால்வோ விதிக்கு ஒரே ஒரு விலக்குக் கொடுத்தார்: அழகி ஒன்பதாம் பந்தைக் கையுறை இல்லாமல் எடுத்து, டிவி கேமராவுக்கு முன்னால் முத்தமிடலாம். முதல் ஜாடிக்குப் போகும் பத்துப் பந்துகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துக் காட்டினாள். கடைசியில் ஒன்பதை எடுத்தாள். முத்தமிட்டாள். மேளம் அடித்தது. டாக்டர் மைக்கில் கண்ணீர் விட்டார்.

யானேரிஸ் பந்தை உள்ளங்கையில் இரண்டு தடவை லேசாக எறிந்து பிடித்தாள். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற எவேலியோவிடம், சிரிப்பை மாற்றாமல், உதடு அசையாமல் சொன்னாள்.

“மாமா, இது ஏன் கனமா இருக்கு?”

“என்னது?”

“மத்ததவிட அதிகம். முக்கால் கிராம் இருக்கும். சரியா சொல்லணும்னா அதுக்குக் கொஞ்சம் கம்மி. மேல தகரம் மாதிரி என்னமோ ஒட்டிருக்காங்க.”

வருடம் முழுக்கப் பொன்துகளை நிறுப்பவள் சொல்கிறாள். எவேலியோவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. காற்று எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்குத்தான் பந்து எழும்பும். மற்றவை இரண்டு கிராம் எழுநூறு மில்லிகிராம் இருக்கும். ஒன்பது மூன்று கிராம் நானூறு. மற்ற பந்துகளைக் குழாய் வரை தூக்கும் காற்று, இதை ஜாடியின் பாதிவரைதான் தூக்கும். அது கழுத்தை நிமிர்த்திவிட்டுப் படுத்ததன் காரணம் அதுதான். காற்றூதியில் ஒரு குறையும் இல்லை. பதினைந்து வாரமாக அவர் ஒரு குற்றமும் செய்யாத வடிகட்டியைக் கழுவியிருக்கிறார்.

அன்றும் ஒன்பது வரவில்லை. மறுநாள் காலை வாரியம் அவசரமாகக் கூடித் தீர்மானம் போட்டது. ‘ஒன்பது எனும் இலக்கம் அடுத்த வியாழக்கிழமைக்குப் பிந்தாமல் வெளிவர வேண்டும் என இதனால் உத்தரவிடப்படுகிறது. உத்தரவு மீறப்படுமானால் காற்றுப் பொறுப்பாளர் நாசவேலைக்காக வழக்கைச் சந்திப்பார்.’ ஒன்பதின் மேல் வழக்குப் போடலாமா என்றும் விவாதித்தார்கள். அதற்கு முகவரி இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

எவேலியோ நின்றபடி விஷயத்தைச் சொன்னார். எடை, காற்று, சின்னம்.

“அந்தச் சின்னத்த எடுத்துட்டா போதும், டாக்டர். பந்து தானா வரும்.”

டாக்டர் மொந்தால்வோ எழுந்தார்.

“மாகாணச் சின்னத்தைப் பெயர்த்தெடுப்பவருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. சட்டம் என்னுடையது அல்ல, எவேலியோ. அந்தச் சின்னம் கனக்கிறது என்கிறாய். கனக்கத்தான் செய்யும். மாகாணத்தின் மானம் கனமில்லாமல் எப்படி இருக்கும்? லேசாக இருப்பதெல்லாம் மேலே வருகிறது என்றும் சொல்கிறாய். நான் முப்பது ஆண்டு அரசியலில் இருக்கிறேன். இதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.”

‘கைதட்டல்’ என்று எழுதிய நூபியா எஸ்கந்தோன், கொஞ்சம் யோசித்து அதை அடித்துவிட்டார்.

எவேலியோ ஆற்றுத்துறைக்குப் போனார். தோமித்திலா துடுப்புப் படகில் அரிசி மூட்டைகள் ஏற்றிக்கொண்டிருந்தாள். லூதிஸைக் கூட்டிவர ஞாயிற்றுக்கிழமை போகலாமா, ஆறு ஏறுவதற்குள் இப்போதே போகலாமா என்பது அவள் கவலை. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எடுத்தால் சிறை, எடுக்காவிட்டாலும் சிறை.

“அதுக்கென்ன இப்ப?” என்றாள் தோமித்திலா மூட்டையை நகர்த்திக்கொண்டே. “படகு ஒருபக்கம் சாஞ்சா, ஏறி உக்காந்த குண்டு ஆளையா இறக்கிவிடுவேன்? சண்டைக்கு வருவான். மறுபக்கம் அதே கனத்துல ஆள ஏத்துவேன்.”

எவேலியோ அவளைப் பார்த்தார்.

“என்ன அப்படிப் பாக்கற? மூட்டையத் தூக்கு.”

எவேலியோ மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் எடை என்ற சொல்லே இல்லை. மாகாணச் சின்னம் ஒன்பதுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருப்பது மற்ற ஒன்பது இலக்கங்களுக்கும் மனவருத்தம் தருவதாகவும், எழுபத்தைந்தாம் ஆண்டின் பெருமை பூஜ்யம் முதல் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றும், அவ்வாறு செய்த முதல் லாட்டரித் தலைவர் என்ற பெயர் டாக்டர் மொந்தால்வோவுக்கே கிடைக்கும் என்றும் எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய் அது. ஆனாலும் எழுத்து நன்றாக வந்தது.

நான்கு நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அவ்வளவு வேகத்தில் வாரியத்தில் வேறு எதுவும் நிறைவேறியதில்லை, மதிய உணவு இடைவேளையைத் தவிர.

“பூஜ்யத்தையும் மதிப்பதுதான் ஜனநாயகம்” என்றார் டாக்டர். “இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். எங்களையும் மதிக்கிறார்களே.”

சின்னங்களுக்குப் பஞ்சமில்லை. தலைநகரப் பட்டறைக்காரன் ஆயிரத்துக்குக் குறைந்து செய்யமாட்டேன் என்றிருந்தான். நான்கு போக மீதி கிடங்கில் கரையான் தின்ன முடியாமல் கிடந்தது. ஒட்டத் தெரிந்தவர் வாரியத்தில் யாரும் இல்லை. ஆகவே எவேலியோவுக்குச் சத்தியப்பிரமாணம் செய்வித்து, வெள்ளைக் கையுறை மாட்டி, மஞ்சள் கோட்டைத் தாண்டவைத்தார்கள். அவர் பொன்கடையிலிருந்து யானேரிஸின் தராசையும், தராசோடு யானேரிஸையும் வரவழைத்தார். முப்பத்தாறு பந்துக்கும் ஒட்டி, நாற்பதையும் நிறுத்தார்கள். பசை அதிகமான இடத்தில் அவள் நகத்தால் சுரண்டினாள். கடைசியில் எந்த இரண்டு பந்தை எதிரெதிர்த் தட்டில் வைத்தாலும் தராசின் முள் அசையவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நோட்டரி ஒரு பந்தைத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“இப்ப ரெண்டுலயும் சின்னம் இருக்கு. இதுல எது ஆறு, எது ஒன்பது?”

டாக்டர் மொந்தால்வோவின் முகம் மலர்ந்தது. “கமிட்டி போடலாம்.”

அவர் பெயர்களை யோசிப்பதற்குள் எவேலியோ சட்டைப்பையிலிருந்து அழியா மைப் பேனாவை எடுத்து, எல்லாப் பந்திலும் எண்ணின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டார். மை உலர்ந்ததும் யானேரிஸ் மறுபடியும் நிறுத்தாள். முள் அசையவில்லை. பந்துகள் இப்போது எல்லாமே கனம் என்பதால் அவர் காற்று வால்வை வழக்கத்தைவிட அரைச் சுற்று கூடுதலாகத் திறந்து, ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். நான்கு ஜாடியிலும் பத்தும் துள்ளின.

வாரியத்தில் ரகசியம் என்பது செயோவின் பலகைக்குப் பத்து நிமிட நடை. வியாழக்கிழமை காலை அவன் கத்திக்கொண்டிருந்தான். “ஒன்பத அவுத்து விட்டாச்சு, சாமி. பதினஞ்சு வாரமா கட்டிப் போட்ட காளை. இன்னிக்கு எத்தன பேர முட்டப் போகுதோ.” இத்தனை நாள் வராத எண் இன்றைக்கு வந்தே தீரும் என்று ஊர் நம்பியது. அப்படி எந்தக் கட்டாயமும் பந்துக்கு இல்லை என்று எவேலியோ சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஒன்பது உள்ள டிக்கெட்டுகள் தீர்ந்தன. பதினோரு மணிக்கு ஆமைக் கனவுக்காரி ஓடிவந்து, பலகையைப் பார்த்துச் செயோவைத் திட்டிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் பத்தாயிரமும் விற்றுவிட்டது.

முதல் ஜாடியில் மூன்று. இரண்டாவதில் ஒன்பது. அதற்குப் பிறகு வந்த இரண்டு இலக்கங்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவு சத்தம். டாக்டர் மொந்தால்வோ மைக்கைப் பிடித்து, ஒன்பது தன் தவறை உணர்ந்து திருந்திவிட்டது என்று அறிவித்தார். வாரியத்தின் உறுதியான தீர்மானங்களுக்கு முன்னால் எந்த எண்ணும் நெடுநாள் நிற்க முடியாது என்றார். பெட்டி நிறையப் பணம் வந்த மகிழ்ச்சியில், ரிப்பன் வெட்ட ஒரு பொருள் வேண்டும் என்று அவருக்கு உடனே தோன்றியது. கையருகில் துறைமுகக் கடை மோட்டார்தான் இருந்தது. சனிக்கிழமை அதற்கு முன்னால் மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். நாலாவது கோணத்துக்குத் திரும்பியபோது தோமித்திலா ரிப்பனைத் தானே அறுத்துவிட்டு, மோட்டாரைப் படகில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். படத்தில் டாக்டரும் கத்திரிக்கோலும் மட்டும் இருக்கிறார்கள்.

இன்னும் நாள் இருக்கிறது என்று ஊரைவிட்டு வர மறுத்திருந்த லூதிஸுக்குச் செவ்வாய்க்கிழமை வலி எடுத்தது. ஆறு ஏறியிருந்தது. லா மிலாக்ரோசாவிலிருந்து ஆஸ்பத்திரித் துறைக்கு நாற்பத்தெட்டு நிமிடம். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, கோபமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தோமித்திலா பெஞ்சில் உட்கார்ந்து கருங்காப்பி குடித்தாள்.

“ஊரெல்லாம் என்னென்னமோ சொல்லுது” என்றாள். “ஜெபம்ங்கறான், அழகிங்கறான், தீர்மானம்ங்கறான். நிஜமா என்னதான் செஞ்ச?”

“நாப்பது பந்துலயும் ஒரே மாதிரி சின்னத்த ஒட்டி, ஒரே எடையாக்கினேன்” என்றார் எவேலியோ. “ஆறும் ஒன்பதும் குழம்பாம இருக்க, பேர எழுத்துல எழுதினேன். எல்லாம் கனமாயிட்டதால காத்த அரைச் சுத்து கூட்டினேன். அவ்வளவுதான்.”